உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வரட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு பதினொரு மணி. செங்காங்கில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை பதறியபடி கதவைத் தட்டினார். நான்கு வயது மகனுக்கு மாலையிலிருந்து வயிற்றுப்போக்கு. “தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கேன் அக்கா. ஆப்பிள் ஜூஸும் குடுத்தேன். அப்படியே வெளிய போயிடுது,” என்றார்.

என் அலமாரியில் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று இருந்தது. உறையில் சொல்லியிருந்த அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். “இதுவும் தண்ணிதானே அக்கா, அப்படி என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் நம் குடலின் உயிரணுக்களில் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய படலம் ஒன்று சுற்றியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி ஒரு லட்சம் படலங்களை அடுக்கிவிடலாம். அவ்வளவு மெல்லியதானாலும் கண்டதையெல்லாம் அது உள்ளே விடாது. உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் அதைத் தாமாகத் தாண்ட முடியாது. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாசல்கள் உண்டு.

அவற்றுள் ஒரு வாசல் வங்கி லாக்கர் மாதிரி. இரண்டு சாவிகளும் சேர்ந்தால்தான் திறக்கும். சோடியமும் குளுக்கோசும் ஒன்றாக வந்தால் இரண்டையும் உள்ளே விடும். உப்பு போகும் பக்கம் தண்ணீரும் பின்தொடரும்.

உள்ளே வந்த சோடியம் அங்கேயே தேங்கினால் வாசல் மந்தமாகிவிடும். அதனால் படலத்தின் மறுபுறம் ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. உயிரணுவின் சமநிலை இப்படித்தான் காக்கப்படுகிறது.

இந்த ஜோடி வாசலைப் பற்றி ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் விளக்கினார். காலரா நச்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கும்; ஆனால் இந்த வாசலை மூடுவதில்லை. அந்த ஒரு வழி போதுமாக இருந்தது.

1971, வங்காளதேசப் போர். மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, உறவினர்களே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் மறைந்த பிறகு, 2023-ல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

ஆப்பிள் ஜூஸ் ஏன் உதவவில்லை என்பது இப்போது புரியும். அதில் உப்பு மிகக் குறைவு, சர்க்கரை மிக அதிகம். அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். வெறும் தண்ணீரோ இழந்த உப்பை ஈடுகட்டாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைப் பாட்டிமார் கொடுத்ததில் அர்த்தம் இருந்தது: கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகிவிடும்.

மருந்துக் கடையில் வாங்கும் பொட்டலமே நல்லது. அவசரத்துக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது; உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி இருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகப் பொறுமையாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கைக்குழந்தை என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பையன் தோசை கேட்டு அழுதான். அந்த அழுகை எங்கள் இருவருக்கும் இனித்தது. இன்றே இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள். நள்ளிரவில் கடை தேடி அலைய வேண்டாம்.