இவருக்கு ரிடையர்மென்ட், எனக்கு?



சாந்தோம் வீட்டை விட்டுக் கிளம்பி, நானும் என் வீட்டுக்காரரும் வேனிலேயே குடித்தனம் நடத்துகிறோம் என்று எழுதினாலும் எழுதினேன், கடிதம் கடிதமாக வருகிறது. "குளிப்பது எங்கே? துணி காயப்போடுவது எங்கே? ராத்திரி பயமாக இல்லையா?" என்று கேட்கிறீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த எட்டு மாதத்தில் என்னைக் குடைந்தெடுத்தது அதுதான்.

முதலில் எங்கள் 'மாளிகை'யைப் பாருங்கள். டெம்போ டிராவலர் வேனில் ஸீட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே வீடு கட்டியிருக்கிறோம். நீளம் 13 அடி, அகலம் 6 அடிக்கும் கொஞ்சம் குறைச்சல். ஒரு கட்டில், சமையல் மேடை, சின்ன ஃபிரிஜ், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இப்படி வண்டியை மாற்றிக் கட்டுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல்.

கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்து, 2022-ல் வாகமண்ணில் வண்டிகள் தங்க ஒரு பூங்காவும் திறந்தார்கள். நாங்களோ பங்குத்தந்தையிடம் கேட்டு மாதா கோயில் வளாகத்திலோ, பெரிய பெட்ரோல் பங்க்கிலோ, தெரிந்தவர் தோட்டத்திலோதான் நிறுத்துகிறோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இரவு தங்குவதே இல்லை.

100 லிட்டர் தண்ணீர் இரண்டு பேருக்கு இரண்டு நாள் வரும். சாப்பாடு வாழையிலையில், தட்டு கழுவுகிற தண்ணீர் மிச்சம். பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர். கணக்குப் பார்த்தால் 1.8 யூனிட் மின்சாரம். 1,800 வாட் மின் அடுப்பை வைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காலி! அதனால் 5 கிலோ காஸ் சிலிண்டர்தான். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வண்டி நகரும் முன் ரெகுலேட்டரை மூட வேண்டும். குளிருக்கென்று அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

கிளம்பிப் பத்து நாள் ஆகியிருக்கும். வேளாங்கண்ணியில் நிறுத்தியிருந்தோம். இவர் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடல் காற்று வாங்குகிறார். நான் அரை வாளித் தண்ணீரில் அடிப்பிடித்த பால் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். "என்னம்மா, ஊரைச் சுத்திப் பார்க்கத்தானே வந்தோம்? வெளியே வந்து உட்காரேன்" என்றார்.

"ஏங்க, நீங்க 36 வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆயிட்டீங்க. எனக்கு எப்போ ஆர்டர் வரும்?" என்றேன்.

சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வீடு நகர்ந்தது, அடுப்பும் கூடவே நகர்ந்தது, கரண்டி மட்டும் என் கையிலேயே இருந்தது. பெரிய வீட்டில் இது கண்ணில் படாது. 13 அடி நீளத்தில் ஒளித்துவைக்க இடம் ஏது?

அன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் ஒரு காகிதத்தில் எழுதினோம். காலை காபி, டிபன், தண்ணீர் பிடிப்பது, கழிவுத் தொட்டி எல்லாம் அவருடையது. இரவுச் சமையலும் துணியும் என்னுடையது. மதியம் அந்தந்த ஊர் மெஸ். மறுநாள் அவர் கிண்டிய உப்புமா கட்டி கட்டியாக இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் கரண்டி அன்றைக்கே என்னிடம் திரும்பியிருக்கும்!

இது பாதிப் பாடம்தான். மீதிப் பாதி ராமநாதபுரம் தாண்டி, சாயல்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடைத்தது. இவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டாயிற்று. அடுத்த ஊரில் சாப்பிடலாம் என்று மணி இரண்டு தாண்டிவிட்டது. "கை நடுங்குதும்மா" என்று ஓரமாக நிறுத்தினார். சட்டை முழுக்க வியர்வை. கருவியில் பார்த்தால் சர்க்கரை 54! மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தேன், 82. பிறகு தயிர் சாதம் கொடுத்தேன். நினைவோடு இருப்பவருக்குத்தான் இந்த வைத்தியம், சகோதரிகளே. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

அந்தப் 15 நிமிஷமும் எனக்கு ஒரே நினைப்பு. வீட்டுச் சாவி என் கையில் இருக்கிறது. வீட்டை ஓட்ட எனக்குத் தெரியாது. 62 வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டேன். எங்களுடையதைப் போல 7,500 கிலோவுக்கு மிகாத சொந்த உபயோக வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும். 55 வயதுக்கு மேல் எடுத்தால் 5 வருஷத்துக்குச் செல்லும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பகல் வேளையில், நேர்ச் சாலையில் இப்போது நானும் ஓட்டுகிறேன். வேலையைப் பங்கு போடுவது தயவு தாட்சண்யம் இல்லை, உயிர்ப் பாதுகாப்பு என்று அன்றுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் காகிதத்தில் பங்கு போட முடியுமா? மணப்பாட்டில் கடலோரக் குன்றின் மேல், 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பூசை முடிந்து அவரவர் பேசிக்கொண்டே கலைந்தார்கள். "என்னக்கா, மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. சாந்தோமில் பேராலய மணி, அன்பியக் கூட்டம், வாசலில் கூடையை இறக்கும் நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா என்று என்னைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஏக்கம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது எந்த ஊரிலும் இரண்டு ஞாயிறாவது தங்குகிறோம். இரண்டாவது ஞாயிறு யாராவது பெயர் கேட்கிறார்கள்.

அங்கிருந்து டோனாவூர் போனோம். 1890-களின் கடைசியில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் சில தமிழ்ப் பெண்களும் திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டியிலும் கூடாரத்திலுமாக ஊர் ஊராக ஊழியம் செய்தார்கள். 1901-ல் ப்ரீனா என்ற சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். பிறகு குழந்தைகள் ஒவ்வொன்றாக வர, டோனாவூரிலேயே இல்லம் நிலைத்தது. குழந்தை என்று வந்தால் சக்கரம் நிற்கத்தான் வேண்டும்.

என் மகளும் அதைத்தான் கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து போன். "26 வாரம் லீவு முடிஞ்சா நான் வேலைக்குப் போகணும். நீ ஊர் சுத்தினா பாப்பாவை யாரும்மா பார்ப்பாங்க?" மனசு பிசைந்தது. ஆனாலும் வருஷம் முழுக்க என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவர்கள் குடியிருப்பு வாசலில் வண்டி நிற்கும். அதற்குள் மருமகனும் அவளும் காப்பகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. தாத்தாவுக்கும் டயபர் மாற்றுகிற முறை உண்டு! இளம் தாய்மார்களே, பாட்டியை நம்பித் திட்டம் போடும் முன் அவளிடம் தேதி கேளுங்கள்.

கடைசியாக, 'எப்போது நிறுத்துவீர்கள்?' என்பதற்குப் பதில். அமெரிக்காவில் ஜோ, கே பீட்டர்ஸன் தம்பதி 1978-ல் எஸ்கேப்பீஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வண்டியிலேயே வாழ்பவர்களுக்குத் தபால் விலாசம் கொடுக்கிற சங்கம். பின்னாளில் டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் ஊரில், தளர்ந்துபோன உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் கவனிப்பும் பெற ஒரு பராமரிப்பு மையமும் வைத்தார்கள். ஓடுகிறவர்களுக்கும் ஒருநாள் நிற்க இடம் வேண்டுமே! நாங்கள் சாந்தோம் வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டு, ஒரு அறையை மட்டும் எங்களுக்கென்று வைத்திருக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் "போதும்" என்றாலே திரும்பிவிடுவது என்று ஒப்பந்தம். காரணம் கேட்கக் கூடாது.

கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

* மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எழுதிய சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று கதவில் ஒட்டியிருக்கட்டும்.

* திறக்காத இன்சுலின் ஃபிரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனதை உபயோகிக்கக் கூடாது.

* இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும்.

* பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்றுக்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை. 2014 முதல் ஜீவன் பிரமாண் முறையில் மின்னணுவாகவே கொடுக்கலாம்.

வேனாவது, பிரயாணமாவது என்கிறீர்களா? சொந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் என் கேள்வி பொருந்தும். அவர் மாலையும் கழுத்துமாக ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வருகிற நாளில், உங்களுக்கு எந்தெந்த வேலையிலிருந்து ஓய்வு? அன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்து இருவருமாக எழுதிவிடுங்கள். என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள். விலாசம் பழைய சாந்தோம் விலாசமேதான்!