கைப்பிடியின் நிறம்

சென்ற மாதம் உறவினர் வீட்டு மாணவர் ஒருவர் தூண்டிற்கோல் ஒன்றுடன் நம்மிடம் வந்தார். உடன் அவருடைய அன்னையாரும் வந்திருந்தார். கோல் தந்தையாருடையது; அவர் காலமாகி ஓராண்டு நிறையப்போகின்றது. கோலின் தக்கைக் கைப்பிடி கறுத்து, கையில் ஒட்டும் பதத்திற் கிடந்தது. "இனி இதைத் தம்பிக்குக் கொடுக்கப் போகிறேன். முன்னதாகக் கறுப்பு வர்ணம் பூசிவிடலாமா?" என்று மாணவர் கேட்டார். கேள்வி சிறியதுதான், ஆயினும் மறுமொழி உடனே வரவில்லை.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துத் தக்கையில் ஏறக்குறையப் பாதியைப் போர்த்துக்கல் நாடே தருகின்றது. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதான பின்னரே முதன்முறை பட்டையை உரிப்பர். பின்னர் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மீண்டும் வளரும். 1665ஆம் ஆண்டில் ரொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தமது நூலில், தக்கைச் சீவலொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தாம் கண்ட சிற்றறைகளை வருணித்தார். உயிரியற் பாடத்தில் நம் மாணவர் பயிலும் 'கலம்' என்ற பெயரின் தோற்றம் அதுவே. காற்றடைந்த அவ்வறைகளின் சுவர்களில் மெழுகு போன்ற பொருள் படிந்திருக்கின்றது. ஆதலால் தக்கை பாரமற்றது. நீரை எளிதில் உட்கொள்ளாது. ஈரக்கைக்கும் நல்ல பிடி கொடுக்கும்.

அவ்வாறாயின் அது கறுப்பது எதனால்? கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும், மீனின் வழுவழுப்பும், மண்ணும் சேர்ந்து மேற்பரப்பிலும் சிறு குழிகளிலும் படிவதனால். பெரும்பாலும் நிறம் மாறியதாக நாம் காண்பது அழுக்கையேயாகும்.

எனவே முதல் வேலை கழுவுதல். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைச் சிறிது கலந்து, மென்மையான பஞ்சினால் தேய்த்துத் துடைத்து, நிழலில் ஒருநாள் உலரவிட வேண்டும். நீரில் ஊறப்போடலாகாது; தக்கை வளையங்களை ஒட்டிய பசை கெடக்கூடும். குழிகள் இருப்பின், தக்கைத் தூளை மரவேலைப் பசையுடன் குழைத்து அடைக்கலாம். காய்ந்தபின் மிக நுண்ணிய அரத்தாளால் மெல்லத் தேய்த்தால் சமமாகும்.

இவ்வளவும் செய்த பின்னும் வேறு நிறம் வேண்டுமெனின், தடித்த வர்ணம் பூசுவது நன்றன்று. தக்கை அமுங்கி மீளும் இயல்புடையது. அதன்மேலுள்ள வர்ணம் நாளடைவில் வெடித்து உரியும். நனைந்தால் வழுக்கவும் செய்யும். மரத்தில் ஊறும் சாயத்தை மெல்லிய துணியாற் சிறிது சிறிதாகத் தடவுவதே பொருத்தம். அதனையும் முதலிற் பழைய போத்தல் தக்கையொன்றில் தடவிப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை நீங்காத இடத்திற் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

இவ்வளவும் கேட்டிருந்த அன்னையார், "ஊத்தை போகட்டும், மோனை. ஐயா பிடிச்ச இடத்தை அராவிப் போடாதை" என்றார். மாணவர் தலைகுனிந்து கொண்டார். நாமும் வாயடைத்துப் போனோம். அவர் கேட்டது நிறத்தைப் பற்றி. அன்னையாரின் மனத்தில் இருந்ததோ வேறு.

அன்று மாலையே மாணவர் கைப்பிடியைக் கழுவினார். கறுப்பு நீரோடு போயிற்று. தேன் நிறத்தில் தக்கை வெளிப்பட்டது. பெருவிரல் பதியும் இடத்தில் மட்டும் ஒரு கபிலத் தழும்பு போகவில்லை. அரத்தாள் அருகிலேயே இருந்தது. அவர் அதனைத் தொடவில்லை.

வீட்டிலுள்ள எந்தப் பழம்பொருளுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும் என்று எண்ணுகின்றோம். கழுவிய பின்னரும் வேண்டியதைச் செய்யலாம். அராவியதையோ சாயம் ஏற்றியதையோ முன்போல் ஆக்க முடியாது. ஆகவே மீட்க முடியாத வேலையைக் கடைசிக்கு வைப்போம். அதற்குமுன் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்போம்.

கோல் இப்போது தம்பியிடம் இருக்கின்றது. அச்சிறுவன் அதைப் பிடிக்கும்போது, சொல்லிக் கொடுக்காமலே, அவனுடைய பெருவிரல் அந்தத் தழும்பின்மீதே அமைகின்றதாம்.