அந்த 'இருந்தாலும்' வேண்டாம்

போன ஏப்ரலில் டாலஸில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டெக்சஸில் ஏப்ரல் என்றால் புளூபானட். 1901-லிருந்து அதுதான் அந்த மாநிலத்தின் பூ. ரோட்டு ஓரமெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடக்கும். குழந்தை இருக்கிற வீடுகளில் வருடா வருடம் பிள்ளையை அந்தப் பூவுக்கு நடுவில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். நம் வீடுகளில் என்றால் பட்டுப்பாவாடையோடு.

அக்கா மகளுக்கு ஐந்து வயது. டாலஸுக்குத் தெற்கே எனிஸ் என்ற ஊர்ப் பக்கம் போய், மதியம் ஒரு மணி வெயிலில் ஐம்பது அறுபது படம் எடுத்தோம். அன்று ராத்திரி அக்கா அதில் ஒன்றை ஏதோ ஓர் ஆப்பில் போட்டு, முகத்தை வெளுப்பாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். உடனே ஹார்ட் வந்து குவிந்தது. "அட, கலர் வந்துட்டாளே!" என்று ஒரு பெரியம்மா எழுதியிருந்தார்.

குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சித்தி, இது யாரு?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "நீதான்டி," என்று அக்கா சிரித்தாள். குழந்தை தன் கையை போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளை நன்றாகப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் முதல் வேலை, அவர்கள் நிறத்தை அவர்கள் நிறமாகவே எடுக்கக் கற்றுக்கொள்வது. போஸ், டிரஸ், பேக்கிரவுண்ட் எல்லாம் அப்புறம்.

இதை ஏன் அப்பா அம்மாக்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? கோயிலிலும் பர்த்டே பார்ட்டியிலும் "நீ எடுடா, உனக்குத்தான் நல்லா வரும்" என்று போனை நீட்டுவது உங்களிடம்தானே.

நம் ஆட்கள் பாராட்டுவதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள், கேட்டிருப்பீர்கள்: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த 'இருந்தாலும்' என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பு ஒரு குறை, களை அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது என்கிறது. அக்கா ஆப்பில் செய்ததும் அதேதான். களையை வைத்துக்கொண்டு நிறத்தை அழித்தாள். ஆனால் களையும் நிறமும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை அழித்தபோது இன்னொன்றும் போய்விட்டது. அதனால்தான் குழந்தைக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இது புதிதும் இல்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்க மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த அம்மாவின் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. முகம் முழுக்கப் பவுடர். காதும் கழுத்தும் மட்டும் அம்மாவின் சொந்த நிறத்தில் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று அப்பத்தா, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் கதை நியூ ஜெர்சியில். மூன்றாம் வகுப்பில் பிக்சர் டே. வெளிர் நீலத் திரை, எல்லாருக்கும் ஒரே லைட், ஒரே செட்டிங். பிரிண்ட் வந்தபோது பக்கத்து சீட் பெண்ணின் முகத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஃப்ரெக்கிள்ஸ் வரை தெரிந்தது. என் படத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. நான்தான் சரியில்லை என்று நினைத்தேன். அந்த கவரை அம்மாவிடம் கொடுக்கவே இல்லை.

அது என் தப்பு இல்லை என்று தெரிய எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி போட்டோ லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள். முதலில் மாடலாக இருந்தவரின் பெயர் ஷெர்லி என்பதால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். மற்றவர்கள் தோல் எப்படி வருகிறது என்று பார்க்க அந்தக் கார்டில் வழியே இல்லை. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதை ஆராய்ந்து 2009-ல் கட்டுரை எழுதினார். அதில் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்துவிட்டது. பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடாக்கிடம் புகார் சொன்னவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் இருந்தன. மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் குறை. பல நிறப் பெண்கள் இருக்கிற ஷெர்லி கார்டு 1990-களில்தான் வந்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2021-ல் கூகுள் தன் பிக்ஸல் 6 போனில் கறுப்பு, பழுப்புத் தோல்கள் சரியாக வருவதற்காக 'ரியல் டோன்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017-ல் ஃபேஸ்ஆப் முகத்தை 'ஹாட்' ஆக்குவதாகச் சொல்லி ஒரு ஃபில்டர் கொடுத்தது. அது தோலை வெளுத்தது. திட்டு வாங்கிய பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இந்தியாவில் 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. டியூபில் பெயர் மாறிவிட்டது. நம் போனில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

"அப்போ படம் இருட்டாவே இருக்கட்டுமா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. வெளிச்சம் வேறு, வெளுப்பு வேறு. முகத்தில் வெளிச்சம் போதாமல் கண்ணும் கன்னமும் தெரியவில்லை என்றால் அது மோசமான படம், என் மூன்றாம் வகுப்புப் படம் மாதிரி. அதற்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். நிறத்தை மாற்றக் கூடாது. நான் செய்வது இவ்வளவுதான்:

கேமரா தன் முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நியூ ஜெர்சிப் பனியிலோ வெள்ளைச் சுவர் முன்னாலோ குழந்தையை நிறுத்தினால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். முகம் காணாமல் போகும். அதனால் போன் ஸ்கிரீனில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தட்டுங்கள். சூரியன் மாதிரி ஒரு குறி வந்தால் அதை லேசாக மேலே நகர்த்துங்கள். பின்னால் இருக்கிற சுவர் வெளுத்துப் போனால் போகட்டும்.

உச்சி வெயில் வேண்டாம். கண்ணுக்குக் கீழே நிழல் விழும், நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளக்கும். மரநிழலில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்க வையுங்கள். அல்லது சாயங்காலம் வரை பொறுங்கள். வீட்டுக்குள் என்றால் ஜன்னல் பக்கம் போங்கள். மேலே இருக்கிற மஞ்சள் லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

குரூப் போட்டோவில் நிறம் அதிகமாக இருப்பவரை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். வெளிச்சம் வருகிற பக்கம் நிறுத்துங்கள். ஃபோகஸும் அவர் முகத்தில் வையுங்கள்.

செல்ஃபி கேமராவில் 'பியூட்டி' என்று ஏதாவது இருந்தால் ஆஃப் செய்யுங்கள். சில போன்களில் நாம் கேட்காமலே ஆனில் இருக்கும்.

கடைசியாக, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். "சிரி, சிரி" என்று சொல்வதற்குப் பதில் அவளிடம் ஏதாவது கேளுங்கள். பதில் சொல்லும்போது வருவதுதான் களை.

"இதெல்லாம் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள் பேசுற பேச்சு, ஊர்ல யாரும் இப்படி யோசிக்க மாட்டாங்க" என்று ஒரு மாமா என்னிடம் சொன்னார். அது சரியில்லை. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தை விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு 2009-ல் சென்னையில்தான் ஆரம்பித்தது. ஊரில் யோசிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுகிற நாம்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து வெளுத்து அனுப்புகிறோம்.

அக்கா கெட்டவள் இல்லை. மகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. அவளைச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பயம். ஆனால் வெளியில் யாரோ சொல்லப் போவதை நாமே முந்திக்கொண்டு வீட்டுக்குள் சொல்லிவிடுகிறோம். அதைத்தான் அந்த ஐந்து வயதுக் குழந்தை கையைப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் அவளை இன்னொரு படம் எடுத்தேன். அன்றைக்குப் பட்டுப்பாவாடை இல்லை. முட்டியில் மண்ணோடு பழைய டி-ஷர்ட்டில் இருந்தாள். ஸ்கூலில் இருக்கிற முயலைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எடிட் செய்யவில்லை. அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே குரூப்பில் போட்டாள்.

மதுரையிலிருந்து அம்மாச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "அய்யோ, அப்படியே என்னைச் சின்ன வயசுல பாத்த மாதிரி இருக்காளே!"

முதல் படத்துக்கு அத்தனை ஹார்ட் வந்தும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. அதில் அம்மாச்சியின் நிறம் இல்லை.

அடுத்த முறை போன் உங்கள் கைக்கு வரும்போது முகத்தைத் தட்டுங்கள், வெளிச்சத்தை ஏற்றுங்கள், நிறத்தை விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை முதலில் குழந்தையிடம் காட்டுங்கள். "இது யாரு?" என்று நீங்கள் கேளுங்கள். யோசிக்காமல் "நான்!" என்றால் அது நல்ல படம்.