தரகரைத் தோழி என்று எண்ணுவோர்க்கு

டேட்டிங் செயலிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. பண்பாடு சீரழிந்துவிட்டது என்று புலம்புவது ஒன்று. நம்மை நம்மைவிட நன்கறிந்தது இயந்திரம், அது காட்டும் துணையே தக்க துணை என்று நம்புவது மற்றொன்று. முதற்கட்சியாரோடு நீண்ட வழக்குத் தேவையில்லை. சாதியையும் உட்பிரிவையும் கேட்டு வடிகட்டித் தரும் திருமணத் தகவல் தளத்தில் மகளின் படத்தை ஏற்றிவிட்டு, காதல் சந்தைப்பொருளாகிவிட்டதே என்று அவர்கள் வருந்தும்போது நமக்கு நகைப்பே எழுகிறது. நம் வழக்கு இரண்டாம் கட்சியாரோடுதான். அவர்களுடைய நம்பிக்கை ஏனையோரைக் காயப்படுத்துகிறது.

நம்மிடம் பயின்று இன்று பெங்களூரில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். எட்டு மாதங்களாகச் செயலியில் இருக்கிறாராம். விரல்விட்டு எண்ணத்தக்க மறுமொழிகளே வந்தனவாம். "கணக்கு பொய் சொல்லாதே ஐயா, என்னிடம்தான் ஏதோ குறை" என்றார். வகுப்பில் எவருடைய கருத்தையும் எளிதில் ஏற்காதவர் அவர். ஒரு மென்பொருளின் மௌனத்தைத் தம் மீதான தீர்ப்பாக ஏற்றுக்கொண்டுவிட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

அந்தக் கணக்குதான் என்ன? 1965இல் ஹார்வர்டு மாணவர் சிலர் 'ஆபரேஷன் மேட்ச்' என்றொரு முயற்சியைத் தொடங்கினர். வினாத்தாளை நிரப்பி 3 டாலரோடு அனுப்பினால், கணினி பொருத்தமானவர்களின் பெயர்களைத் தரும். 2004இல் தோன்றிய ஓகேகியூபிட் தளம் அதே வினாத்தாளைச் செம்மைப்படுத்தியது. ஒவ்வொரு வினாவுக்கும் உங்கள் விடை எது, துணையிடம் நீங்கள் ஏற்கும் விடை எது, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று மூன்றையும் கேட்டது. உங்கள் எதிர்பார்ப்பை அவர் 90 விழுக்காடு நிறைவு செய்து, அவருடையதை நீங்கள் 40 விழுக்காடே நிறைவு செய்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும்; விடை 60. இருவருக்கும் பொதுவான வினாக்கள் குறைவாயின் மேலும் சற்றுக் கழித்துக்கொள்ளும். நேர்மையான கணக்குதான். ஆனால் அது அளப்பது இரண்டு விடைத்தாள்களின் ஒற்றுமையை. இரண்டு மனிதர்கள் எதிரெதிரே அமரும்போது நிகழ்வதை அது அளக்கவில்லை.

2012இல் வந்த டிண்டர் வினாத்தாளையும் விட்டொழித்தது. வலப்புறம் தள்ளினால் விருப்பம், இடப்புறம் தள்ளினால் மறுப்பு. சதுரங்க ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்த ஆர்பாத் ஈலோ வகுத்த முறையைத் தழுவி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் தந்தது. பலராலும் விரும்பப்படுபவர் உங்களை விரும்பினால் உங்கள் மதிப்பெண் உயரும். அம்முறையைக் கைவிட்டுவிட்டதாக 2019இல் அந்நிறுவனம் அறிவித்தது; அடிக்கடி செயலிக்குள் வருவோருக்கே முன்னுரிமை என்றும் அப்போது விளக்கியது. இதை அந்த இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டும். வேலைப்பளுவால் பத்து நாள் உள்ளே செல்லாதவரின் முகம் பின்வரிசைக்குப் போகலாம். அதற்கும் அவருடைய குணத்துக்கும் என்ன தொடர்பு?

ஹிஞ்ச் செயலி 2018இல் வேறொரு வழியை நாடியது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இரு கணித அறிஞர்கள் 1962இல் வெளியிட்ட முறை அது. ஒரு சாரார் தம் விருப்ப வரிசைப்படி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவர். மறுசாரார் வந்தவற்றுள் சிறந்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மறுப்பர். இறுதியில், தத்தம் துணையைவிட ஒருவரையொருவர் மிகுதியாக விரும்பும் இருவர் எஞ்சமாட்டார்கள். அழகிய தேற்றம். ஷாப்லி 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். ஆனால் தேற்றம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: ஒவ்வொருவருக்கும் தம் விருப்ப வரிசை தெரியும். செயலியிலோ அந்த வரிசையை நம் விரலசைவுகளிலிருந்து இயந்திரம் ஊகிக்கிறது. முன்பின் காணாத ஐம்பது பேரை விருப்ப வரிசையில் நிறுத்த நம்மாலேயே இயலாதபோது, அந்த ஊகம் எம்மாத்திரம்?

ஐயத்தை விட்டுச் சான்றுக்கு வருவோம். 2014இல் ஓகேகியூபிட் தளமே ஒரு சோதனையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 30 விழுக்காடு மட்டுமே பொருந்திய சிலரிடம், நீங்கள் 90 விழுக்காடு பொருந்துகிறீர்கள் என்று வேண்டுமென்றே பொய் சொன்னார்கள். அந்த இணைகளின் உரையாடல் கூடியது! எண்ணை நம்பியதாலேயே பேசினார்கள். மேலும் 2017இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலை ஃபிங்கல் ஆகிய ஆய்வாளர்கள், நூற்றுக்கு மேற்பட்ட இயல்புகளையும் விருப்பங்களையும் பற்றிய விடைகளைத் திரட்டி, அவற்றைத் தந்தவர்களை நேரில் சிறு சந்திப்புகளில் அமரவைத்தனர். பிறரை எளிதில் விரும்புபவர் யார், பிறரால் விரும்பப்படுபவர் யார் என்பதை இயந்திரம் ஓரளவு கணித்தது. இன்னார் இன்னாரைத் தனித்து விரும்புவார் என்பதை மட்டும் அதனால் கணிக்க இயலவில்லை. பொருத்தம் என்று நாம் சொல்வது அதைத்தானே?

"அப்படியானால் இத்தனை பேர் எப்படி இணைகிறார்கள்?" என்று எதிர்க்கட்சியார் கேட்பர். நியாயமான கேள்வி. 2017இல் அமெரிக்காவில் சந்தித்து இணைந்த ஆண்-பெண் இணைகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இணையவழியே சந்தித்தனர் என்று 2019இல் வெளியான ஸ்டான்போர்டு ஆய்வு கூறுகிறது. மறுக்கவில்லை. ஆனால் திருவிழாவில் பலர் சந்திப்பது தேர்வடம் பொருத்திவைத்ததால் அல்ல, கூட்டம் கூடியதால். செயலியின் மெய்யான ஆற்றலும் அதுவே. அது ஒரு பெருங்கூட்டம். அதன் வாசலில் நிற்கும் தரகர்தான் தம்மை ஞானி என்று விளம்பரம் செய்துகொள்கிறார்.

அகப்பாடல்களின் தோழியை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்க வேண்டும். அவள் தலைவனை எளிதில் நெருங்கவிடாமல் சேட்படுத்துவாள். களவு நீண்டால் வரைவு கடாவுவாள். இக்கட்டு வந்தால் அறத்தொடு நிற்பாள். தலைவியின் நலமே அவள் நலம். செயலியோ மாதச் சந்தாவிலும் முன்வரிசைக் கட்டணத்திலும் வாழ்கிறது. நீங்கள் துணையைக் கண்டடைந்த நாளில் அது வாடிக்கையாளர் இருவரை இழக்கிறது. அதைக் கொடியவன் என்று நாம் பழிக்கவில்லை, தரகர் தரகரே. அவரைத் தோழி என்று எண்ணுவதுதான் பிழை.

எனவே பயன்படுத்துங்கள், ஆனால் தரகரைப் பயன்படுத்துவது போலப் பயன்படுத்துங்கள். விழுக்காட்டைப் பார்த்து மகிழவும் வேண்டா, மனமுடையவும் வேண்டா. உங்களைப் பற்றிய குறிப்பில் 'பயணம், இசை, சினிமா' என்று எழுதாதீர்கள். அது எவரையும் குறிக்காது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பழைய புத்தகக் கடையில் அலைந்தீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். அந்நியர் ஒருவர் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். முதற்சொல்லை நீங்களே தொடங்குங்கள். கேல்-ஷாப்லி முறையிலும் கேட்கும் சாராருக்கே கூடுதல் நன்மை என்பது நிறுவப்பட்டது. பெண்களுக்கும் இதையே சொல்கிறோம். வாரக்கணக்கில் தட்டச்சு செய்துகொண்டிராமல், ஆள் நடமாட்டமுள்ள ஓரிடத்தில், நண்பர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஒரு காபி அருந்தும் நேரம் சந்தியுங்கள். நேரில் காணுமுன் பணம் கேட்பவரை அக்கணமே விலக்குங்கள். நாளுக்கு அரைமணிக்கு மேல் அத்திரையில் செலவிடாதீர்கள்.

அந்த இளைஞரிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: "இந்த எட்டு மாதத்தில் எத்தனை பேரை நேரில் சந்தித்தீர்கள்?" ஒருவரைக்கூட இல்லை என்றார். எவருமே பாராத ஒருவரை எவர் மறுத்திருக்க முடியும்?