விசைப்பலகை யார் வீட்டுச் சொத்து?

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம் குடும்பங்களில் நாள்தோறும் ஒரு விந்தை நிகழ்ந்து வருகிறது. தில்லியிலிருக்கும் பேத்தி தஞ்சைச் சீமையிலிருக்கும் பாட்டிக்குக் கைபேசியில் செய்தி விடுக்கிறாள். சொற்கள் தமிழ்ச் சொற்கள். எழுத்துகளோ உரோமானிய எழுத்துகள். பாட்டி வார இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். ஆங்கில எழுத்து மட்டும் அறியாதவர். அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் வரையில் அச்செய்தி வாசிப்பாரின்றிக் காத்துக் கிடக்கிறது. இருவர்க்கும் மொழி ஒன்று, உறவு ஒன்று. ஆயினும் நடுவே ஓர் எழுத்து வேலி நிற்கிறது.

இது பேத்தியின் பிழையன்று; வழிகாட்ட வேண்டிய நம் பிழை. நாம் அறிந்த ஒரு சங்கத்தின் சுற்றறிக்கைகளே உரோமானிய எழுத்தில்தான் வருகின்றன. அவற்றில் ஒன்றில் ‘பி, ஏ, எல், எல், ஐ’ என்று எழுதி, அதன்பின் ஆண்டுவிழா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன் அதனைப் பல்லி ஆண்டுவிழா என்று படித்துவிட்டு, “பல்லிக்கு எதற்கு விழா?” என்று கேட்டான். அவையினர் சிரித்தனர். சிரிக்கத்தக்கது அவன் வாசிப்பன்று. மனமும் மணமும் மானமும் அந்த எழுத்தில் ஒரே உருவம்தானே! ல, ள, ழ என்றும், ந, ன, ண என்றும், ர, ற என்றும் நம் முன்னோர் பிரித்து வைத்தவற்றை ஓர் உரலில் இட்டு இடித்துவிட்டு, குழந்தை தமிழ் கற்கவில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று வினவினால் வரும் மறுமொழி ஒன்றே: “கணிப்பொறியில் இருப்பது ஆங்கில விசைப்பலகை, நாங்கள் என் செய்வோம்?” இம்மறுமொழி பொய் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசைப்பலகையில் ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. விசையை அழுத்தும்போது அது கணிப்பொறிக்கு அனுப்புவது எழுத்தையன்று. இன்ன இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்னும் ஓர் எண்ணை மட்டுமே. அவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்று தீர்மானிப்பது உள்ளிருக்கும் இயங்குதளம். மேலே தெரியும் எழுத்து வெறும் சாயம். அச்சாயத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. செருமானியர் தம் பலகையில் ஒய், இசட் இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் ஏ இருந்த இடத்தில் கியூவையும், கியூ இருந்த இடத்தில் ஏயையும் வைத்தனர். உருசியரும் கிரேக்கரும் அதே அளவுப் பலகையில் தத்தம் எழுத்துகளை நிரப்பித் தட்டுகின்றனர். அவ்வளவு ஏன்? நம் வீட்டுப் பொறியாளர் மகன் தன் வசதிக்காகக் கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோல் விசையாக மாற்றி வைத்திருக்கிறான். விண்டோஸின் பதிவேட்டுக்குள் நுழைந்து அதைச் செய்யத் தெரிந்தவன். அந்த வல்லவன், தமிழ் என்றவுடன் “பலகை ஆங்கிலம்” என்று கையை விரிப்பதை எப்பெயரிட்டு அழைப்பது?

மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது என்ற கேள்வி எழும். இங்கே நாம் ஒரு பக்கம் சார்ந்தே பேசுகிறோம். தமிழ்நெட் 99 என்னும் மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. அதன் பயனாகத் தமிழக அரசு அவ்வாண்டிலேயே ‘தமிழ்99’ என்னும் பலகையைத் தரமாக ஏற்றது. அதன் அமைப்பைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். பார்க்கப் பார்க்க இன்பம் தருவது அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக முப்பத்தொரு விசைகள். ஷிப்ட் விசையின் துணையே வேண்டாம். உயிர்கள் எல்லாம் இடக்கையில்; மெய்களுள் வவும் ஙவும் நீங்கலாக மற்றவை வலக்கையில். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடப்புறம் அ, இ, உ, எ என்னும் குறில்கள். அவற்றுக்கு நடுவே புள்ளி. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. நெடில்களுக்கு விரல் மேலோ கீழோ ஒரு வரிசை நகர்ந்தால் போதும். கவைத் தட்டி இயைத் தட்டினால் கி பிறக்கிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறப்பதைத் திண்ணைப் பள்ளியில் வாயால் பாடினார்கள். இங்கே விரல் அதைப் பாடுகிறது.

இன்னும் ஒன்று. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறுகிறது. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இனவெழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. இவ்வறுவகை இணைகளும் நம் இலக்கண நூல்கள் என்றோ வகுத்து வைத்தவை. ஆகவே அம்மா என்று எழுத நான்கு தட்டல்கள்: அ, ம, ம, ஆ. பந்து என்று எழுதவும் நான்கே. உரோமானிய எழுத்து வழியே பந்துவுக்கு ஆறு தட்டல்கள். வணக்கத்துக்குத் தமிழ்99-இல் ஆறு. உரோமானிய வழியில் எட்டு, அதற்கு மேல் ணகரத்துக்காக ஒரு ஷிப்ட். மமதை போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமென்றால் முதல் மகரத்தை அடுத்து அகரத்தை ஒருமுறை தட்டிவிட வேண்டும். மமதைக்கு மட்டும் ஒரு தட்டு கூடுதல் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது!

எதிர்வாதங்களை நாம் அறியாமல் இல்லை. நடுவணரசின் முயற்சியில் 1980-களில் உருவான இன்ஸ்கிரிப்ட் பலகை இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவானது. ஒருமுறை பழகிவிட்டால் இந்திக்கும் வங்காளத்துக்கும் தமிழுக்கும் அதே விரல். தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் பிள்ளைக்கு அதுவன்றோ ஏற்றது என்று நண்பர்கள் கேட்கின்றனர். இவ்வாதத்தின் வலிமையை நாம் ஒப்புகிறோம். பல நாள் இதற்கு மறுமொழியின்றி இருந்ததும் உண்டு. பின்னர் அப்பலகையில் அமர்ந்து தட்டிப் பார்த்தோம். ன, ண, ள, ழ, ற ஐந்தும் ஷிப்ட் விசையின் மேல்மாடியில் இருக்கின்றன. நான், அவன், வந்தேன் என்று வரிக்கு வரி வரும் னகரத்துக்கும் மாடியேற வேண்டும். அதே வேளையில் வடமொழி வழிவந்த ஒலிகளுக்கான இடங்கள் தமிழில் எழுத்தின்றி வெறுமையாகக் கிடக்கின்றன. எல்லார்க்கும் பொதுவாகக் கட்டிய வீட்டில் நம் சிறப்பெழுத்துகளுக்குப் பரணில் இடம் கிடைத்தது. இந்தியும் நாள்தோறும் தட்ட வேண்டிய அலுவலர் அதைப் பழகட்டும், தடையில்லை. தமிழை முதன்மையாகக் கற்க வேண்டிய குழந்தைக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தவர் கூறுவது: “ஆங்கில எழுத்தைத் தட்டினாலும் திரையில் தமிழ்தானே விழுகிறது? சீனரும் சப்பானியரும் அப்படித்தானே எழுதுகின்றனர்?” திரையில் தமிழ் விழுமானால், பாட்டி படிக்க இயலுமானால், அது உரோமானியச் செய்தியினும் ஆயிரம் மடங்கு மேல். அதை மறுப்பது நேர்மையாகாது. முதியவர்கள் அவ்வழியே எழுதுவார்களாயின் நாம் தலைவணங்குவோம். ஆனால் சீனருக்கு எழுத்துகள் பல்லாயிரம். அவற்றை விசைகளில் அடக்க வழியின்மையால் ஒலியெழுத்தின் துணையை நாடினர். முப்பத்தொரு விசையில் அடங்கும் நமக்கு அந்த ஊன்றுகோல் எதற்கு? மேலும், அம்முறையில் எழுதும் குழந்தையின் மனத்தில் ழகரம் ஓர் எழுத்தாக இல்லை. இசட்டும் எச்சும் சேர்ந்த ஒரு கூட்டாக இருக்கிறது. கணிப்பொறி நான்கு சொற்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறபோது, எழுத்தை வாசித்துப் பழகாத பிள்ளை எதைத் தேரும்? முதலில் நிற்பதைத் தேரும். நம் மலர்களில் கவிதை எழுதும் இளைஞர் சிலரின் னகர ணகரக் குழப்பம் எங்கே பிறக்கிறதென்று பதிப்பாசிரியர்கள் அறிவார்கள்.

“புதிதாகப் பழக எங்களுக்கு நேரமேது?” என்பாரும் உளர். இவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சற்றே உரத்துச் சொல்கிறோம். நம்முள் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் எதைக் கொண்டு வந்தனர்? ஒரு தகரப் பெட்டி. தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் தேறிய சான்றிதழ். ஊர்க் கடைத்தெருவின் மாடியில், தட்டச்சுப் பயிலகத்தின் இரைச்சலில், விடியற்காலை வகுப்பில் அமர்ந்து, அயல்மொழியின் எழுத்துகளைப் பலகையைப் பாராமல் தட்டும் வரை மாதக்கணக்கில் விரல் நோகப் பயின்றவர்கள் அவர்கள். அமெரிக்கரான சோல்சும் அவர் தோழர்களும் 1868-இல் காப்புரிமை பெற்ற பொறியிலிருந்து வளர்ந்து, 1870-களில் ரெமிங்டன் நிறுவனம் விற்கத் தொடங்கிய அந்த வரிசைமுறை நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் பிறர் மொழிக்காக ஆறு மாதம் விரல் பழக்கிய குடியின் வழித்தோன்றல், தன் மொழிக்காக நாளுக்குக் கால்மணி நேரம் இல்லையென்று சொல்வதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

கருவி கிடைப்பதில் முட்டுப்பாடும் இல்லை. ஆப்பிள் கணிப்பொறியில் தமிழ்99 பல்லாண்டுகளாக உடன் வருகிறது. அமைப்புகளுக்குள் சென்று சேர்த்துக்கொள்வதே வேலை. விண்டோஸிலும் லினக்ஸிலும் அவ்வாறே மொழிப் பகுதியில் தேடிச் சேர்க்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: சிலவற்றில் எழுத்துகளின் இடம் மட்டும் தமிழ்99-ஆக இருக்கும், தானே புள்ளியிடும் விதி இராது. அம்மா என்று நான்கு தட்டலில் வருகிறதா என்று சோதித்துக்கொள்க. வரவில்லையெனில் கீமேன் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு அக்குறையை நீக்கலாம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிச் செல்ல விண்டோஸில் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசை போதும். ஆங்கிலம் எங்கும் ஓடிவிடாது. கைபேசியிலோ பலகையே கண்ணாடியில் வரைந்த படம். அங்கே சாயத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை.

சங்கங்களிடம் நாம் கேட்பது இரண்டு. வரும் பொதுக்குழுவில், சங்கத்தின் பெயரால் செல்லும் எந்தச் சுற்றறிக்கையும் உரோமானிய எழுத்துத் தமிழில் செல்லாது என்று தீர்மானம் இயற்றுக. தமிழ் படிக்கவியலாத உறுப்பினர்க்கு ஆங்கிலத்திலேயே தனியே எழுதுக. அது நேர்மையான மொழி, அதில் குறையில்லை. இரண்டாவது, நூலகக் கணிப்பொறிகளில் தமிழ்99-ஐ ஏற்றி, விசைகளின் மேல் முப்பத்தொரு சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டி, ஞாயிறு வகுப்பின் இறுதிக் கால்மணியை அதற்கு ஒதுக்குக. ஒட்டுத்தாளில் எழுதுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். நாம் அறிந்த ஒரு வகுப்பில் அவ்வாறு விட்டபோது, மேலே சொன்ன பல்லிச் சிறுவன் ளகரத் தாளைத் தானே எழுதுவேனென்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான்.