கைவிடப்பட்ட கந்தர்வன்

கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. தியாகராஜ பாகவதர் நடித்த "சிவகவி" 1943-ல் அங்கேதான் தயாரானது. மறு வருடம் வந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

1944 டிசம்பரில் இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். இரண்டு வருடத்துக்கு மேல் சிறை. 1947-ல் நிரபராதி என்று கோர்ட்டு விடுதலை செய்தது.

பிறகு "ராஜமுக்தி" (1948), "அமரகவி" (1952) முதலிய படங்களில் நடித்தார். பழைய வெற்றி திரும்பவில்லை. 1959-ல், 49-வது வயதில் காலமானார்.

"பாகவதர் முன்போல் இல்லை" என்றார்கள் ஜனங்கள். பாகவதர் மட்டுமா மாறினார்? ஜனங்களும் மாறினார்கள். பாட்டுக்காகப் படம் பார்த்தவர்கள் வசனத்துக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். "அமரகவி" வந்த அதே 1952-ல்தான் "பராசக்தி"யும் வந்தது.

கோர்ட்டு விடுதலை செய்தவரை ரசிகர்கள் மறந்தார்கள். காலம் மாறுவது இயற்கை. அதற்காக, பாடிய மனிதரைக் கறிவேப்பிலைபோல் எடுத்து எறியலாமா?

ஏறும்போது தோளில் தூக்குகிறோம். இறங்கும்போதும் கைகொடுக்க வேண்டும். அதுதான் ரசிகனுக்கு அழகு.