நெகாராகூ மெட்டை சுவிங்கில் வாசிக்கலாமா?

சிலிம் ரிவரில் படித்தவரா நீங்க? சபைக்கூடலில் நெகாராகூவையும் பேராக் மாநில கீதத்தையும் பாடும்போது, "ரெண்டும் ஒரே மெட்டுதானே" என்று தோன்றியிருக்கும். ஆமாம், தேசிய கீதத்தின் மெட்டு பேராக்கிடமிருந்து வந்ததுதான்.

அதே மெட்டு ஒரு காலத்தில் 'தெராங் பூலான்' என்ற ஜாலியான பாட்டு. 1947-இல் பிரிட்டிஷ் பேண்ட் தலைவர் ஃபீலிக்ஸ் மெண்டல்சன், தன் ஹவாய் பாணிக் குழுவோடு அதை 'மமுலா மூன்' என்று இசைத்தட்டாக்கினார். 1957-இல் அது தேசிய கீதமானது. ஆட்டமும் நின்றது.

பழைய சுவிங் பாட்டுகளைத் தூசி தட்டும் குழுக்கள் இதைத் தொட மட்டும் யோசிக்கணும். 1968 தேசிய கீதச் சட்டப்படி, பொது இடத்தில் தெரிந்தே அவமரியாதை செய்தால் 100 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. தாளத்தை மாற்றினாலே அவமரியாதையா? 1992-இல் அரசாங்கமே வேகத்தைக் கூட்டியது. 2003-இல் பழையபடி குறைத்தது.